லேப்டாப் சின்த்தா, மேசை மேல் வைக்கும் சின்த்தா? வீட்டில் இசை செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தர்மபுரியில் எங்கள் தெரு மாரியம்மன் பண்டிகைக்குப் பம்பையும் உறுமியும் வந்து இறங்கினால் முதல் ஆளாகப் போய் நிற்பேன். வார இறுதிகளில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். மற்ற நாட்களில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் வீட்டில் உட்கார்ந்து பக்திப் பாட்டுக்கு இசை, குறும்படத்துக்குப் பின்னணி என்று ஏதாவது செய்துகொண்டிருப்பேன். பாலக்கோட்டிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் தம்பிகள் போன் செய்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, லேப்டாப்லயே சின்த் போட்டுக்கலாமா, இல்ல நிஜ சின்த் ஒண்ணு வாங்கிடட்டுமா?"

என் பதில்: முதல் ஆறு மாதம் சாப்ட்வேர் போதும், கூடவே கணினியில் இருக்கும் சின்த்தை வாசிக்க ஒரு மிடி கீபோர்டு வேண்டும். அதற்குப் பிறகு எந்த நாபுக்காக, அதாவது திருகும் குமிழுக்காக, கை தேடுகிறது என்று உங்களுக்கே தெரியும். அப்போது ஹார்டுவேர் வாங்குங்கள். இன்று இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கையில்தான் இருக்கிறது, காதில் இருப்பது கொஞ்சம்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன், எந்த வரிசையில் போவது என்பதையெல்லாம் கீழே எழுதியிருக்கிறேன்.

சின்த் என்பது எது?

மேடையில் நாம் கீபோர்டு என்று சொல்லும் பெட்டிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே பதிவு செய்த ஒலியைத் திருப்பி ஒலிக்க வைப்பவை. நாதஸ்வரம், வயலின், தபேலா எல்லாம் உள்ளே தயாராக இருக்கும். ரிதம் பட்டனைத் தட்டினால் தாளம் ஓடும். சின்தசைசரில் அப்படி இல்லை, ஒலி பிறப்பதிலிருந்தே நீங்கள்தான் செய்ய வேண்டும்.

அதில் நான்கு பாகங்களைத் தெரிந்துகொண்டால் எந்தச் சின்த் முன்னாலும் பயமில்லாமல் உட்காரலாம். ஆசிலேட்டர் என்பது ஒலி பிறக்கும் இடம். அதிலிருந்து வரும் மூல ஒலி கரகரப்பாகவோ மொழுமொழுவென்றோ இருக்கும். ஃபில்டர் அந்த ஒலியைச் செதுக்கும். பக்கத்து வீட்டில் பாட்டு ஓடும்போது ஜன்னலைச் சாத்தினால் மேல் ஒலி போய்க் கும்மென்ற கீழ் ஒலி மட்டும் கேட்குமே, ஃபில்டரை மூடினால் அதேதான் நடக்கும். என்வலப் என்பது ஒலி எப்படி எழுந்து எப்படி அடங்குகிறது என்ற கணக்கு. தவிலில் ஒரு அடி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும், நாதஸ்வரத்தில் மூச்சு இருக்கும் வரை நிற்கும். எல்.எஃப்.ஓ. என்பது காதுக்குக் கேட்காத அளவு மெதுவாக அசையும் ஒரு அலை. அது தானாக ஒலிக்காது, மற்ற மூன்றில் எதையாவது பிடித்து ஆட்டிவிடும்.

அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் 1964-ல் தொடங்கி வைத்த வழி இது. 1970-ல் வந்த மினிமூக் இவற்றை ஒரே பெட்டியில் அடக்கி, தூக்கிக்கொண்டு போகும்படி செய்தது. 1983-ல் யமஹாவின் டி.எக்ஸ்.7 வேறு வழியில் வந்தது. அது ஒரு அலையை வைத்து இன்னொரு அலையின் அதிர்வெண்ணை ஆட்டிப் புதிய ஒலியை உண்டாக்கும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967-ல் கண்டுபிடித்த எஃப்.எம். முறை அது. டி.எக்ஸ்.7 முழுக்க டிஜிட்டல், அதாவது உள்ளே நடப்பது கணக்கு. அதே கணக்கை உங்கள் லேப்டாப்பாலும் போட முடியும். 1996-ல் ஸ்டைன்பெர்க் நிறுவனம், ரெக்கார்டிங் சாப்ட்வேருக்குள் பிளக்இன் எனும் துணைச் சாப்ட்வேர்களை ஓட்டும் வி.எஸ்.டி. முறையைக் கொண்டுவந்தது, 1999 முதல் வாத்தியங்களும் அதற்குள் ஓடத் தொடங்கின.

அனலாக் சின்த்தில் மின்சாரமே அலையாக ஓடுகிறது. சூட்டுக்கு ஏற்ப ஸ்ருதி லேசாக நகரும், ஒரே கட்டையை இரண்டு முறை அழுத்தினால் இரண்டும் இம்மியளவு வேறாக இருக்கும். அந்த உயிர்ப்பு உண்மையானது, தனியாகக் கேட்டால் தெரியும். ஆனால் தாளம், குரல், வயலின் எல்லாம் சேர்ந்த பிறகு எது எது என்று கண்ணை மூடி நானே பலமுறை சோதித்தேன், பாதிக்கு மேல் தவறாகத்தான் சொன்னேன்.

லேப்டாப்பைத் தயார் செய்யுங்கள்

எட்டு ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. இருந்தால் சில வருடம் பழைய லேப்டாப்பே போதும். ஹார்டு டிஸ்க் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். புது லேப்டாப்புக்குப் பணம் சேர்ப்பதைவிட அது நல்ல செலவு.

எல்லோரும் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் லேட்டன்சி. கட்டையை அழுத்தி ஒலி கேட்பதற்குள் ஒரு சின்னத் தாமதம் வரும். கணினி ஒலியைக் கொத்துக் கொத்தாக அனுப்புவதுதான் இதற்குக் காரணம். அந்தக் கொத்தின் பெயர் பஃபர். கணினி ஒலியைச் சாம்பிள் என்ற சின்னச் சின்ன அளவீடுகளாக வைத்திருக்கும். ஒரு நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில் 128 சாம்பிள் பஃபர் வைத்தால் சுமார் 3 மில்லி செகண்ட், 512 வைத்தால் சுமார் 12 மில்லி செகண்ட் தாமதம். டிரைவரும் கருவியும் அதன்மேல் கொஞ்சம் சேர்க்கும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகிறது. மேடையில் மூன்று மீட்டர் தள்ளி ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு நாம் வாசிக்கத்தானே செய்கிறோம்? மொத்தத் தாமதம் பத்துக்குள் இருந்தால் கை உறுத்தாது. இருபதைத் தாண்டினால் தாளம் கையை விட்டு ஓடும்.

விண்டோஸில் சாதாரண டிரைவரோடு வாசித்துப் பார்த்துவிட்டு "சாப்ட்வேர் சின்த் சரிப்படாது" என்று ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும். தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் போடாததுதான் பிரச்சினை. ஏசியோ4ஆல் இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் போட்டுப் பஃபரை 256-ல் தொடங்குங்கள். ஒலி படபடவென்று வெடிக்காவிட்டால் 128-க்கு இறக்குங்கள். கையில் காசு வந்ததும் ஒரு சின்ன ஆடியோ இன்டர்பேஸ் (மைக்கையும் வாத்தியத்தையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும், பாட்டும் பதிவு செய்யலாம். ப்ளூடூத் ஹெட்போனை மட்டும் வாசிக்கும்போது தொடவே வேண்டாம். அதன் தாமதம் பொதுவாக 100 மில்லி செகண்டுக்கு மேல். ஒயர் ஹெட்போன்தான் வேண்டும்.

இன்னொரு விஷயம் நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டும். மாங்காய் சீசனில், சித்திரை வைகாசி வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழ் இருக்கும் அறையில் லேப்டாப் கொதிக்கும். கொதித்தால் பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நேற்று நன்றாக ஓடிய பாட்டு இன்று விக்கும். லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கி வையுங்கள், வேலையை இரவுக்குத் தள்ளுங்கள், முடித்த டிராக்குகளை ஆடியோவாக மாற்றிச் சின்த்தை அணைத்து வையுங்கள். மூன்றையும் செய்தால் கத்திரி வெயிலையும் தாண்டிவிடலாம்.

மூன்றே மூன்று சாப்ட்வேர்

முதலாவது சர்ஜ் எக்ஸ்.டி. ஒரு காலத்தில் காசுக்கு விற்ற சின்த், 2018-ல் மூலநிரலோடு திறந்துவிடப்பட்டது. முழுக்க இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். இரண்டாவது டெக்ஸ்ட் (Dexed). டி.எக்ஸ்.7-ன் எஃப்.எம். முறையை அப்படியே தரும், இதுவும் இலவசம். மூன்றாவது வைட்டல். இலவசப் பதிப்பிலேயே சின்த் முழுதாக இருக்கிறது. அலை எப்படி அசைகிறது என்று திரையில் ஓடிக்கொண்டே இருப்பதால் கற்றுக்கொள்ள அருமையானது, ஆனால் லேப்டாப்பைக் கொஞ்சம் வேலை வாங்கும்.

இவற்றைத் தாங்கி, பதிவு செய்ய ஒரு ரெக்கார்டிங் சாப்ட்வேர் வேண்டும். நான் ரீப்பர் பயன்படுத்துகிறேன். 60 நாள் முழுதாகச் சோதித்துப் பார்க்கலாம், அதற்குப் பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் கூடவே வருகிறது.

பென் டிரைவில் கைமாறும் கிராக் பிளக்இன்கள் வேண்டாம். ஒரு தெரிந்தவர் தந்த தொகுப்பை ஏற்றி, அதோடு வந்த வைரஸால் மூன்று மாத வேலையை இழந்தேன். ஒரு அம்மன் பாட்டின் இசை முழுக்க அதில் போனது, அதே மாதிரி மறுபடி எனக்கு வரவே இல்லை. இலவசமாக இவ்வளவு நல்லவை கிடைக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

மிடி கீபோர்டு வாங்கும்போது வீலைப் பாருங்கள்

மிடி கீபோர்டு தானாக ஒலி எழுப்பாது. எந்தக் கட்டையை எவ்வளவு வேகத்தில் அழுத்தினீர்கள் என்று கணினிக்குச் சொல்லும், அவ்வளவுதான். பல நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு டேவ் ஸ்மித், இகுதாரோ ககெஹாஷி ஆகியோர் முன்னெடுத்த மிடி முறை 1983-ல் வந்தது. அந்த வருடத்துக் கீபோர்டையும் இன்றைய லேப்டாப்போடு இணைக்கலாம்.

கடையில் எல்லோரும் கட்டையை எண்ணுவார்கள். நான் முதலில் பார்ப்பது பிட்ச் வீல், அதாவது ஸ்ருதியை வளைக்கும் சக்கரம். நம் இசையில் ஸ்வரம் ஒரே இடத்தில் நிற்பது குறைவு. ரிஷபம் அசையும், காந்தாரம் ஆடும். அந்த அசைவெல்லாம் இடது கையின் அந்தச் சக்கரத்தில்தான் இருக்கிறது. அகாய் எம்.பி.கே. மினியின் மூன்றாம் பதிப்பில் சக்கரத்துக்குப் பதில் சின்ன ஜாய்ஸ்டிக், ஆர்டூரியா மினிலேபில் தொடுபட்டை. இரண்டும் நல்ல கருவிகள், பீட் போடுபவருக்குத் தாராளமாகப் போதும். கமகம் வேண்டுமென்றால் எம்-ஆடியோ கீஸ்டேஷன் மாதிரி நிஜச் சக்கரம் உள்ளதை எடுங்கள். கட்டை 49 இருந்தால் இரண்டு கையும் வைக்கலாம். வீட்டில் ஏற்கெனவே மேடைக் கீபோர்டு இருந்தால் அதன் பின்னால் யு.எஸ்.பி. அல்லது மிடி அவுட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுவே போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

முதல் மாதப் பயிற்சி: ஒரு உறுமி செய்வோம்

ஆயத்த ஒலிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றைத் தட்டித் தட்டிக் கேட்டால் ஒரு மாதம் போய்விடும், ஒன்றும் கற்றிருக்க மாட்டோம். அதைவிடத் தெரிந்த ஒரு ஒலியை வெறும் அலையிலிருந்து செய்து பார்ப்பது நல்லது. நான் எடுத்துக்கொண்டது உறுமி. ஒரு பக்கம் தோலை வளைந்த குச்சியால் தேய்க்க "ஊவ்ம்" என்று முனகும் அந்த ஒலி.

சர்ஜ் எக்ஸ்.டி.யில் இனிட் ஸா என்ற வெறும் ஒலியைத் திறங்கள். முதல் ஆசிலேட்டரை மொழுமொழுவென்ற சைன் அலைக்கு மாற்றி, இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே இறக்குங்கள். ஒரு கட்டையை அழுத்தினால் தட்டையான கும்மல் வரும். இப்போது ஒரு எல்.எஃப்.ஓ.வை எடுத்துச் ஸ்ருதியோடு இணையுங்கள். கட்டையை அழுத்தும்போது ஒரே ஒரு முறை ஏறி இறங்கும்படி வைத்து, ஏற்றம் ஐந்து செமிடோன் (ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளி ஒரு செமிடோன்), மொத்த நேரம் அரை நொடிக்குள் என்று கொடுங்கள். முனகல் பாதி வந்துவிடும்.

அடுத்து மிக்சரில் நாய்ஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அப்படியே விட்டால் மழைச் சத்தம்போல இருக்கும். ஃபில்டரை, நடுவில் ஒரு பட்டை ஒலியை மட்டும் விடும் பேண்ட்பாஸுக்கு மாற்றி, அது வெட்டும் இடமான கட்ஆஃபைக் கீழே கொண்டுவந்து, அந்த இடத்து ஒலியைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸைப் பாதிக்கு ஏற்றினால் நாய்ஸ் ஒடுங்கித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். லேப்டாப் ஸ்பீக்கரில் இந்தக் கீழ் ஒலி கேட்கவே கேட்காது, ஹெட்போன் போட்டுத்தான் செய்ய வேண்டும்.

இவ்வளவு செய்து முடித்த பிறகு, பண்டிகைக்கு வந்த உறுமிக்காரர் பெரியவர் ஒருவரிடம் ஹெட்போனை மாட்டிக் கேட்க வைத்தேன். கண்ணை மூடி இரண்டு முறை கேட்டார். "சத்தம் வருது தம்பி. குச்சி வரல" என்றார். பிறகு தன் உறுமியைத் தொடையில் வைத்து, என் காதைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, மிக மெதுவாகத் தேய்த்துக் காட்டினார். தூரத்திலிருந்து கேட்டால் ஒரே முனகல். பக்கத்தில் கேட்டால் அது ஒரே ஒலியில்லை. குச்சி தோலைப் பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன இழுப்புகள் சேர்ந்துதான் அந்த முனகல் வருகிறது.

வீட்டுக்கு வந்து இரண்டாவது எல்.எஃப்.ஓ.வை ஒலி அளவோடு இணைத்தேன். வேகம் நொடிக்கு 25 முறை, ஆழம் மூன்றில் ஒரு பங்கு. குச்சி வந்துவிட்டது! அந்த ஒரு இரவில் ஃபில்டர், என்வலப், எல்.எஃப்.ஓ. மூன்றும் எனக்குப் புரிந்த அளவுக்கு எந்த வீடியோவும் புரிய வைத்ததில்லை.

ஒரு குறை மட்டும் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு முனகலும் ஒரே அச்சாக இருந்தது. பெரியவர் கையில் எந்த இரண்டும் ஒன்றாக இல்லை. அதனால் ஸ்ருதி ஏற்றத்தை எல்.எஃப்.ஓ.விடமிருந்து எடுத்து, பிட்ச் வீலுக்குப் பக்கத்தில் இருக்கும் மாடுலேஷன் வீலுக்கு மாற்றினேன், ஃபில்டரின் கட்ஆஃபைக் கீபோர்டில் இருந்த ஒரு நாபுக்குக் கொடுத்தேன். மிடி லேர்ன் என்று தேர்ந்தெடுத்து நாபைத் திருப்பினால் அதுவே பிடித்துக்கொள்ளும். கையால் ஆட்டியதும் உறுமி பேசத் தொடங்கியது. நாப் என்ற விஷயத்தின் அருமை எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

கமகத்துக்கு எப்படி அமைப்பது

இது தனியாகச் சொல்ல வேண்டிய பகுதி. வெளிநாட்டு வீடியோக்களில் இதைப் பற்றி அதிகம் இருக்காது.

முதலில் சின்த்தை மோனோவுக்கு மாற்றுங்கள், ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம். சர்ஜில் மோனோ எஸ்.டி. எஃப்.பி. என்று ஒரு வகை உண்டு. ஒரு கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தினால் ஒலி புதிதாகத் தொடங்காமல் வழுக்கிக்கொண்டு போகும், விட்டுவிட்டு அழுத்தினால் வழுக்காது. குரலில் ஒரே மூச்சில் பாடுவதும் மூச்சு விட்டுப் பாடுவதும்போல இரண்டும் உங்கள் விரலிலேயே கிடைத்துவிடும். போர்ட்டமெண்டோ நேரம், அதாவது வழுக்கும் நேரம், 80 மில்லி செகண்டில் தொடங்குங்கள். ஜாரு எனும் நீண்ட வழுக்கல் வேண்டுமானால் 200 வரை போகலாம், அதற்குமேல் போனால் போதை ஏறியவர் பாடுவதுபோல ஆகிவிடும்.

வீலின் எல்லை வழக்கமாக இரண்டு செமிடோன் இருக்கும். மோகனத்தில் ரிஷபத்திலிருந்து காந்தாரம் போக இரண்டு போதும், காந்தாரத்திலிருந்து பஞ்சமம் தொட மூன்று வேண்டும். நான் மோகனத்துக்கு மூன்று என்று வைத்துக்கொண்டு வீல் எங்கே நின்றால் எந்த ஸ்வரம் என்று கைக்குப் பழக்கினேன். பன்னிரண்டு என்று வைத்தால் சின்ன அசைவுக்கே ஸ்வரம் தாண்டிவிடும். கீபோர்டிலேயே கர்நாடகக் கச்சேரி செய்யும் கே. சத்யநாராயணனின் இடது கையைப் பாருங்கள், எவ்வளவு சின்ன அசைவில் எவ்வளவு வருகிறது என்று தெரியும்.

மிடியில் சாதாரண நாபுக்கு 0 முதல் 127 வரை 128 படிகள்தான், பிட்ச் வீலுக்கு மட்டும் 16,384 படிகள். அதனால்தான் வீலில் ஸ்ருதி வழவழவென்று போகிறது, சில சாப்ட்வேர்களில் ஃபில்டர் நாபைத் திருப்பும்போது மட்டும் படிக்கட்டு ஏறுவதுபோலக் கேட்கிறது. அனலாக் சின்த்தின் சொந்த நாபில் இந்தப் படிகளை நீங்கள் அநேகமாக உணர மாட்டீர்கள். ஹார்டுவேர் பக்கம் சேரும் ஒரு நியாயமான புள்ளி இது.

ராகத்துக்கும் சின்த்துக்கும் உள்ள உறவு புதிதும் இல்லை. 1982-ல் பம்பாயில் சரண்ஜித் சிங், ரோலண்டின் டி.பி.303, டி.ஆர்.808, ஜூபிடர்8 என்ற மூன்று பெட்டிகளை வைத்து ராகங்களைப் பதிவு செய்தார். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் வசதி டி.பி.303-லேயே இருந்தது, ராகத்துக்கு அது அப்படிப் பொருந்தியது.

ஹார்டுவேர் எப்போது?

ஆறு மாதம் கழித்து இப்படி யோசியுங்கள். மவுஸால் திரையில் நாபைத் திருப்பும்போது எரிச்சல் வருகிறதா? எந்த ஒரு அசைவு உங்கள் பாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது, ஃபில்டரா, வழுக்கலா, எதிரொலியா? பகல் முழுக்கக் கணினி முன் வேலை பார்த்துவிட்டு இரவிலும் திரையைப் பார்க்க மனம் வரவில்லையா? ஓசூர் கம்பெனி ஒன்றில் கணினியில் வரைபடம் போடும் என் நண்பருக்கு மூன்றாவதுதான் காரணம். சின்ன சின்த் ஒன்று வாங்கியதிலிருந்து தினமும் அரை மணி நேரம் வாசிக்கிறார். லேப்டாப்பில் இருந்தபோது மாதத்துக்கு ஒரு முறைதான். அவருக்கு அந்தச் செலவு சரியான செலவு.

"ஒலி இன்னும் கனமாக வேண்டும்" என்பது மட்டும்தான் உங்கள் காரணமென்றால் பொறுங்கள். நல்ல ஹெட்போனும் மிக்சிங் பழக்கமும் அதை முதலில் தரும்.

ஹார்டுவேரில் கிடைக்கும் சுகம் பெரிது. சுவிட்சைப் போட்டால் சில நொடியில் ஒலி. அப்டேட் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. பதிலுக்கு விட்டுக்கொடுப்பதும் உண்டு. கோர்க் மினிலாக் ஒரே நேரத்தில் நான்கு குரல்தான் தரும், அதாவது நான்கு ஸ்வரம்தான் சேர்ந்து ஒலிக்கும். லேப்டாப்பில் ஒரே சின்த்தைப் பத்து டிராக்கில் போடலாம், பெட்டியில் ஒவ்வொன்றாக வாசித்துப் பதிய வேண்டும். பாட்டு முடிந்து ஒரு மாதம் கழித்து "அந்த ஒலியை லேசா மாத்துங்க" என்று பாடகர் கேட்டால், சாப்ட்வேரில் பைலைத் திறந்தால் போதும். கோர்க் வோல்கா கீஸ் மாதிரிப் பெட்டி நாப் இருக்கும் இடங்களை நினைவில் வைக்காது. பதிந்து முடித்ததும் அதன் முகத்தைப் போனில் படம் எடுத்து அந்தப் பாட்டின் போல்டரிலேயே போட்டுவைப்பேன்.

எதை, எப்படிப் பார்த்து வாங்குவது

முதல் பெட்டி சின்னதாக இருக்கட்டும். 2013-ல் வந்த வோல்கா கீஸில் மூன்று குரல், உள்ளேயே ஸ்பீக்கர், ஆறு ஏ.ஏ. பேட்டரியில் ஓடும். கரண்ட் போன இரவில் மாடியில் உட்கார்ந்து வாசிக்கலாம். ஆர்டூரியா மைக்ரோஃப்ரீக்கில் ஆசிலேட்டர் டிஜிட்டல், ஃபில்டர் அனலாக். வினோதமான ஒலிகளைத் தேடுபவர்களுக்கு அது ஏற்றது. முழுக் கருவியாக ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் நான் மினிலாக் பக்கம். ஏறக்குறைய எல்லா வேலைக்கும் தனித்தனி நாப், 200 ஒலிகளைச் சேமிக்கும் இடம், வீட்டில் கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான முகப்பு நான் பார்த்ததில்லை. ஆனால் அதிலும் பிட்ச் வீல் இல்லை, ஒரு சின்ன ஸ்லைடர்தான். கமகத்துக்கு உங்கள் மிடி கீபோர்டை அதோடு இணைத்து வாசியுங்கள்.

தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். தர்மபுரியில் நான் தேடிய வரை தொட்டுப் பார்க்கக் கிடைக்கவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர்தான், ஓசூரிலிருந்து 40. காலையில் பஸ் ஏறினால் இரவுக்குள் திரும்பிவிடலாம். பழையது வாங்கப் போகும்போது ஹெட்போனைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் வேகமாகவும் அழுத்துங்கள். ஒவ்வொரு நாபையும் ஒலி வரும்போதே முழுதாகத் திருப்புங்கள். கரகரத்தால் உள்ளே தூசி. சுத்தம் செய்யலாம், ஆனால் விலையில் குறைத்துக் கேட்க வேண்டும். பத்து நிமிடம் ஓட விட்டு ஸ்ருதி நகர்கிறதா பாருங்கள். 1980-களின் கருவியென்றால் உள்ளே இருக்கும் பேட்டரியை மாற்றினார்களா என்று கேளுங்கள். அது தீர்ந்தால் சேமித்த ஒலிகள் போய்விடும்.

அடாப்டரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டு அடாப்டரிலும் 9 வோல்ட் என்று எழுதியிருக்கிறதே என்று கிட்டார் பெடலின் அடாப்டரைச் சின்த்தில் சொருகி ஒரு பெட்டியை இழந்தவன் நான். கிட்டார் பெடல்களில் பெரும்பாலும் நடுமுனை நெகட்டிவ், வோல்காவில் நடுமுனை பாசிட்டிவ். அடாப்டர் மேல் வட்டமும் புள்ளியும் போட்ட சின்னப் படம் இருக்கும், அது இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். பெட்டியோடு வந்த அடாப்டரில் அதன் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த பழைய சின்த்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே இருந்தால் அது 100 அல்லது 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். பின்னால் எழுதியிருப்பதைப் படிக்காமல் நம் 230 வோல்ட்டில் சொருகவே கூடாது.

வீட்டில் இணைப்பது

சின்த்தின் ஆடியோ அவுட்டை இன்டர்பேஸின் லைன் இன்புட்டில் கொடுங்கள், மைக் இன்புட்டில் வேண்டாம். அளவு மைனஸ் 12 டெசிபல் அருகே ஏறி இறங்கினால் போதும், சிவப்பு விளக்கைத் தொட வேண்டாம். மிடி கேபிளையும் இணைத்துவிட்டால் லேப்டாப்பின் தாளத்தோடு சின்த் சேர்ந்து ஓடும். மிடி கிளாக் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும். பதிந்த டிராக் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் விழுந்தால் சின்த் மேல் பழி போடாமல், ரெக்கார்டிங் சாப்ட்வேரில் தாமதத்தைச் சரிசெய்யும் இடத்தைத் தேடுங்கள்.

எல்லாம் இணைத்ததும் "ங்ங்ங்" என்று ஒரு இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் சுற்று, அதாவது கருவிகளின் எர்த் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைந்ததால் வரும் இரைச்சல். சின்த், லேப்டாப், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே ப்ளக் பலகையில் சொருகுங்கள், பலகைக்கு எர்த் உண்மையில் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் போகவில்லையென்றால் ஆடியோ ஒயருக்கு இடையில் ஒரு ஐசொலேட்டர் (மின் தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் சின்னப் பெட்டி) போடலாம். மூன்றாவது ஊசியை உடைத்துவிட்டால் இரைச்சல் போகும் என்று சிலர் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து, செய்யாதீர்கள். வீட்டில் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் கரண்ட் போனதும் ஒலியில் ஒரு பிசிறு சேரும். அந்த நேரத்தில் பதிவு செய்யாமல் ஒலி தேடும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறுங்கள்.

ரோட்டுப் பக்க வீடென்றால், ஜல்லி லாரி போகும் தெருவென்றால், தூசிதான் நாபுக்கு முதல் எதிரி. வாசித்து முடித்ததும் ஒரு பருத்தித் துண்டால் மூடிவையுங்கள். பிளாஸ்டிக் உறை மட்டும் வேண்டாம், சூடான பெட்டியில் வேர்வைபோல ஈரம் தங்கும். இடி இடிக்கும் மாலைகளில் சுவிட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கையே பிடுங்கிவிடுங்கள்.